சாம்பியன்கள் எங்கே கோட்டை விட்டார்கள்?

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, உலக சாம்பியனாக இருந்த பாக்ஸர்கள் எடுத்ததிலேயே படு முட்டாள்தனமான முடிவு எது? ரிடிக் போவ் பெல்ட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டதுதானே? நம்ம விஜேந்தர் சிங்கையும் அந்த வரிசையில் சேர்க்கலாமா?"

போவின் குப்பைத் தொட்டியைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள், போட்டோ அப்படி. என் கணக்கில் அது முதல் பத்துக்குள் வந்தாலே பெரிய விஷயம். கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1988 சியோல் ஒலிம்பிக் சூப்பர் ஹெவிவெய்ட் ஃபைனலில் லெனாக்ஸ் லூயிஸ் போவை இரண்டாவது ரவுண்டிலேயே முடித்துவிட்டார். 1992 நவம்பரில் போவ் இவாண்டர் ஹோலிஃபீல்டைப் பாயிண்டில் ஜெயித்து ஹெவிவெய்ட் சாம்பியன் ஆனார். அடுத்து லூயிஸோடு மோத வேண்டும் என்றது, உலகப் பட்டம் தருகிற அமைப்புகளில் ஒன்றான டபிள்யூபிசி. பேச்சுவார்த்தை பணத்தில் வந்து நின்றது. டிசம்பர் 14 அன்று லண்டனில் பத்திரிகைக்காரர்கள் முன்னால் போவ் அந்த பெல்ட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார். லூயிஸுக்கு அது சண்டை போடாமலேயே கிடைத்தது. போவ் மைக்கேல் டோக்ஸ், ஜெஸ்ஸி ஃபெர்குசன் என்று இரண்டு சுமாரான ஆட்களை வரிசையாக அடித்துப் போட்டுக் காசு பார்த்தார்.

பயந்துவிட்டார் என்பார்கள், இருக்கலாம். ஆனால் வியாபாரமாகப் பார்த்தால் அதில் ஒரு கணக்கு இருந்தது. கஷ்டமான சண்டையைத் தள்ளிப் போட்டு, சுலபமான சண்டைகளில் சம்பாதித்து, பிறகு பெரிய தொகைக்குப் பேசலாம் என்பது பாக்ஸிங்கில் பாதி மேனேஜர்கள் இன்றைக்கும் செய்வது. போவ் கெட்டது வேறு இடத்தில். ஹோலிஃபீல்டை ஜெயித்தபோது அவர் எடை 235 பவுண்டு. ஒரு வருஷம் கழித்து மறுசண்டைக்கு 246 பவுண்டில் வந்து தோற்றார். 1996-ல் ஆண்ட்ரூ கொலோட்டாவோடு மோதும்போது 252. வாங்கின அடி கொஞ்சநஞ்சமில்லை, கொலோட்டா இடுப்புக்குக் கீழே குத்திக் குத்தித் தகுதியிழந்ததால்தான் போவ் "ஜெயித்தார்". அவருடைய வாத்தியார் எடி ஃபட்ச் அந்தச் சண்டைக்குப் பிறகு விலகிவிட்டார். சாதாரண வாத்தியார் இல்லை. 1975-ல் மணிலாவில் 14 ரவுண்ட் முடிந்து ஜோ ஃப்ரேசியர் "இன்னும் ஒரு ரவுண்ட்" என்று எழுந்தபோது, போதும் என்று உட்காரவைத்த மனிதர். அப்படிப்பட்டவரையே அலுத்துப்போய் விலகும்படி செய்துவிட்டு, அந்த டிசம்பரில் அதே கொலோட்டாவோடு திரும்பவும் மோதினார் போவ். திரும்பவும் செம அடி, திரும்பவும் எதிராளி தகுதியிழந்த "வெற்றி". பெல்ட் போனதை விட ஃபட்ச் போனதுதான் போவுக்குப் பெரிய நஷ்டம்.

என் பதிலும் அதுதான் தம்பி. எதிராளியைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துக் கெட்ட சாம்பியன்கள் கொஞ்சம் பேர். "வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒரே ஆளைத் துரத்திவிட்டோ, அவர் சொன்னதைக் காதில் வாங்காமலோ கெட்டவர்கள்தான் அதிகம்.

மைக் டைசனை எடுத்துக்கொள்ளுங்கள். அவரை வளர்த்த வாத்தியார் கஸ் டமாட்டோ 1985-ல் போய்ச் சேர்ந்தார், மேனேஜர் ஜிம் ஜேக்கப்ஸ் 1988 மார்ச்சில். மிச்சமிருந்தது கெவின் ரூனி. டமாட்டோவிடம் நேரடியாகக் கற்ற ஆள். எந்தக் குத்துக்கு எந்த எண் என்று வைத்துக்கொண்டு ரிங்கில் தன் ஆள் பக்கத்து மூலையிலிருந்து எண்களாகவே கத்துவார். 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் படுக்கவைத்த டைசன் அந்தப் பள்ளியின் உச்சம். அந்த வருஷமே ரூனி வெளியே. டைசன், சண்டைகளை ஏற்பாடு செய்யும் டான் கிங் பக்கம் சாய்ந்துவிட்டார், ரூனி பழைய மேனேஜர் பில் கேட்டன் பக்கம் நின்றார். அவ்வளவுதான் விஷயம்.

அதன் பலன் உடனே தெரியவில்லை, அதுதான் ஆபத்து. 1989-ல் ஃப்ராங்க் புரூனோ, கார்ல் வில்லியம்ஸ் இருவரையும் அடித்துவிட்டார். ஊரெல்லாம் "ரூனி இல்லாமலும் ஓடுது பார்" என்றது. கவனித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே நுழைவது குறைந்துவிட்டது, முன்னால் நீட்டிய கையால் சட்டென்று வைக்கும் ஜாப் குத்து குறைந்துவிட்டது, ஒரே குத்தில் முடிக்கப் பார்க்கிறார். 1990 பிப்ரவரி 11, டோக்கியோ. பஸ்டர் டக்ளஸ், சூதாட்டக் கணக்கில் 42-க்கு 1 என்று ஒதுக்கப்பட்டவர், அவரைப் பத்தாவது ரவுண்டில் கீழே போட்டார். அந்தச் சண்டையில் எனக்கு மறக்காத காட்சி நாக் அவுட் இல்லை, டைசனின் மூலை. கண் வீங்கினால் அமுக்கிப் பிடிக்க எந்த கார்னர்காரரும் ஐஸில் போட்டு வைத்திருக்கும் அந்தச் சின்ன இரும்புத் துண்டைக்கூட அவர்கள் கொண்டுவரவில்லை. ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீரை நிரப்பி உலக சாம்பியன் கண்ணில் ஒத்திக்கொண்டிருந்தார்கள். வியாசர்பாடியில் ஒரு கோயில் திருவிழா போட்டிக்கு வருகிற பையனின் வாத்தியார்கூட இதைவிடத் தயாராக வருவார்.

டக்ளஸ் மட்டும் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். எட்டு மாதம் கழித்து 231 பவுண்டு ஆள் 246 பவுண்டாக வந்து, ஹோலிஃபீல்டிடம் மூன்றாவது ரவுண்டில் படுத்துவிட்டார். அதற்கு வாங்கியது சுமார் 24 மில்லியன் டாலர். அதை மோசமான முடிவு என்று திட்ட எனக்கு வாய் வரவில்லை.

முகமது அலி விஷயத்துக்கு வருவோம், இதில் கொஞ்சம் நின்றுதான் பேச வேண்டும். 1980 தொடக்கத்தில் அலி சென்னைக்கு வந்தார், நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி, எம்.ஜி.ஆர் முன்னிலையில். பார்த்த பெருசுகள் இன்றும் ராயபுரம், புளியந்தோப்புப் பக்கம் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு அவர் ஓய்வு பெற்ற மனிதர். மூன்று முறை ஹெவிவெய்ட் பட்டம், 1978-ல் லியோன் ஸ்பிங்க்ஸிடம் விட்டதை அதே வருஷம் திருப்பி வாங்கி, கௌரவமாக ஒதுங்கியவர். அப்படியே விட்டிருக்கலாம். அதே வருஷம் அக்டோபர் 2, லாஸ் வேகாஸ் சீசர்ஸ் பேலஸ் ஹோட்டல் வண்டி நிறுத்துமிடத்தில் கட்டிய தற்காலிக அரங்கத்தில் லாரி ஹோம்ஸ் முன்னால் போய் நின்றார். வயது 38. ஹோம்ஸ் ஒரு காலத்தில் அலிக்கே ஸ்பாரிங் போட்டுக் கற்றவர், அந்த இரவு அவர் அடிக்கவே சங்கடப்பட்டார், அடித்துக்கொண்டே நடுவரைப் பார்த்தார். அலி ஒரு ரவுண்ட்கூட ஜெயிக்கவில்லை.

ஆனால் முடிவு தப்பானது 1980-ல் இல்லை, 1977-ல். அந்த செப்டம்பரில் எர்னி ஷேவர்ஸோடு 15 ரவுண்ட் முழுதும் நின்று அடி வாங்கி ஜெயித்தார் அலி. அதன் பிறகு வந்த லேப் ரிப்போர்ட்டில் சிறுநீரகம் பழுதாவது தெரிந்தது. அவருடைய டாக்டர் ஃபெர்டி பச்சேகோ ரிப்போர்ட்டை நகலெடுத்து அலிக்கு, மனைவிக்கு, மேனேஜர் ஹெர்பர்ட் முகமதுக்கு என்று அனுப்பினார். ஒருவரிடமிருந்தும் பதில் இல்லை. பச்சேகோ பெட்டியைக் கட்டிவிட்டார். மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சண்டைகளை ஏற்பாடு செய்த டெடி பிரென்னரும் இனி அலிக்கு இங்கே சண்டை தர மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். "வேண்டாம்" சொன்ன ஆட்கள் இருந்தார்கள், அவர்களைச் சுற்றி நடந்து போய்விட்டார் அலி. பச்சேகோ இல்லாத இடத்தில் ஹோம்ஸ் சண்டைக்கு முன் வேறொரு டாக்டர் தைராய்டு மாத்திரை கொடுத்தார். அலி அதைச் சொன்ன அளவுக்கு மேலேயே விழுங்கினார். எடை மளமளவென்று இறங்கியது, பார்க்க இளமையாகத் தெரிந்தார், தலைமுடி வேறு கறுப்பாக்கியிருந்தார். உள்ளே எஞ்சின் காலி.

பத்தாவது ரவுண்ட் முடிந்ததும் அலியின் வாத்தியார் ஆஞ்சலோ டண்டீ நிறுத்தினார். அப்போதுகூட அலியின் நண்பர் பண்டினி பிரவுன் டண்டீயின் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்து இன்னும் ஒரு ரவுண்ட் என்று கெஞ்சினார். டண்டீ, இங்கே தலைமை நான், முடிந்தது என்று உதறிவிட்டார். இப்படி ஒரு இரவுக்குப் பிறகும் அலி 1981 டிசம்பரில் பஹாமாஸ் போய் ட்ரெவர் பெர்பிக்கோடு பத்து ரவுண்ட் ஆடித் தோற்றார். மணி கிடைக்காமல் மாட்டுக் கழுத்து மணியை அடித்து ரவுண்ட் நடத்திய போட்டி அது. 1984-ல் பார்கின்சன் நோய் என்று சொன்னார்கள். இதற்கு ஹோம்ஸ் சண்டைதான் காரணம் என்று ஒற்றையாகச் சொல்ல முடியாது. ஆனால் ஷேவர்ஸுக்குப் பிறகு வாங்கிய அத்தனை அடியும் வாங்கத் தேவையில்லாத அடி.

காசுக்காகத்தானே என்பீர்கள். ஹோம்ஸ் சண்டைக்கு 8 மில்லியன் என்று ஒப்பந்தம், டான் கிங் அதில் ஒரு மில்லியனுக்கு மேல் பிடித்துக்கொண்டு, கேஸ் போட்டதும் 50,000 டாலரை ரொக்கமாகக் காட்டி முடித்துக்கொண்டார். நிஜமாகவே காசு கழுத்தை நெரித்து ரிங்குக்குத் தள்ளிய ஆள் ஜோ லூயிஸ். 1942-ல் இரண்டு சண்டைப் பணத்தைக் கடற்படை, ராணுவ நிவாரண நிதிகளுக்கு அப்படியே கொடுத்தார், வரித்துறை அதற்கும் சேர்த்து வரி கேட்டது. அந்தக் கடனுக்காகத்தான் 1950-ல் எஸ்ஸார்ட் சார்ல்ஸ், 1951-ல் ராக்கி மார்சியானோ என்று போய்த் தோற்றார். அவருக்கு முடிவெடுக்கிற வசதியே இல்லை, அவரை இந்தப் பேச்சில் சேர்ப்பது அநியாயம்.

சமீபத்தில் டியான்டே வைல்டர். 2020 பிப்ரவரியில் டைசன் ஃபியூரியிடம் ஏழாவது ரவுண்டில் காதில் ரத்தம் வழிய நின்றபோது அவர் மூலையில் இருந்த வாத்தியார் மார்க் பிரீலண்ட், சண்டையை நிறுத்தச் சொல்லி டவலை எறிந்தார். பிரீலண்ட் 1984 ஒலிம்பிக் தங்கம், பிறகு உலக சாம்பியன், குத்து வாங்கினால் உள்ளே என்ன ஆகும் என்று உடம்பால் தெரிந்தவர். வைல்டருக்கு வந்த கோபம் அவர் மேல். ரிங்குக்கு நடந்து வரும்போது போட்டிருந்த நாற்பது பவுண்டு அலங்கார உடையால் கால் போய்விட்டது என்றார், அப்புறம் பிரீலண்டை நீக்கிவிட்டுத் தன் நண்பரும் பழைய ஸ்பாரிங் பார்ட்னருமான மாலிக் ஸ்காட்டை வைத்துக்கொண்டார். 2021 அக்டோபரில் மூன்றாவது சண்டை பிரமாதமாக இருந்தது, ஃபியூரியை இரண்டு முறை கீழே போட்டார், உண்மை. ஆனால் பதினொன்றாவது ரவுண்ட் வரை அவர் வாங்கிய அடியை நினைத்தால்... ரசிகனாகக் கைதட்டினேன், தட்டியிருக்கக் கூடாது என்று தோன்றுகிறது.

நசீம் ஹமெட் கதை சின்னது. ஷெஃபீல்டில் ஏழு வயதிலிருந்து வளர்த்த பிரெண்டன் இங்கிளோடு பணத் தகராறில் 1998-ல் பிரிந்தார். 2001 ஏப்ரலில் மார்க்கோ அன்டோனியோ பரேரா அவரைப் பன்னிரண்டு ரவுண்ட் பாடம் நடத்தி அனுப்பினார். அதற்கப்புறம் ஒரே ஒரு சண்டை. 28 வயதில் கடையைக் கட்டிவிட்டார்.

இங்கே ஒருவர் குறுக்கே வந்து "அப்ப வாத்தியாரை மாத்தவே கூடாதா?" என்று கேட்கலாம். நம் வடசென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பேசிய காலத்தில் வாத்தியாரை விட்டுப் போவது பச்சைத் துரோகம். அந்த அளவுக்கு நான் போக மாட்டேன். ராய் ஜோன்ஸ் ஜூனியரைப் பாருங்கள், அவருக்கு அப்பாதான் கோச், ராணுவம் மாதிரி நடத்தினவர். மகனுடைய நாயை அப்பா சுட்டுக் கொன்ற பிறகு ஜோன்ஸ் வெளியே வந்துவிட்டார், அதற்கப்புறம்தான் அந்தப் பத்து வருஷ ஆட்டத்தையே ஆடினார். அந்தப் பிரிவு சரியான முடிவு.

தப்பான முடிவு 2003-ல். லைட் ஹெவிவெய்ட்டில் ஆள் இல்லை என்று மார்ச் 1 அன்று 193 பவுண்டில் ஜான் ரூயிஸை ஜெயித்து, இன்னொரு உலக அமைப்பான டபிள்யூபிஏவின் ஹெவிவெய்ட் பட்டம் வாங்கினார். மிடில்வெய்ட் சாம்பியனாக இருந்த ஒருவர் அதைச் செய்வது 1897-ல் பாப் ஃபிட்ஸ்சிம்மன்ஸுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அதோடு ஓய்ந்திருந்தால் இன்றைக்கு அவர் பெயரை வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருப்போம். அவரோ ஏற்றிய தசையை எல்லாம் எட்டு மாதத்தில் இறக்கி 175 பவுண்டுக்கு வந்து அன்டோனியோ டார்வரோடு மோதினார். மூச்சு வாங்க வாங்க, பாயிண்டில் தப்பித்தார். 2004 மே மாதம் மறுசண்டையில், சாக்கு ஏதாவது இருக்கா ராய் என்று நடுவர் முன்னாலேயே டார்வர் கேட்டார், இரண்டாவது ரவுண்டில் ஒரே இடதுகைக் குத்து. நாலு மாதத்தில் கிளென் ஜான்சனிடம் இன்னொரு நாக் அவுட். கொழுப்பை இறக்குவது வேறு, 34 வயதில் தசையைக் கரைப்பது வேறு. அவருடைய ஆட்டம் முழுக்க வேகத்தை நம்பிய ஆட்டம், கை கீழே தொங்கும், தலையைப் பின்னால் இழுத்தே தப்பிப்பார். அந்த அரை விநாடி போனதும் தற்காப்பு என்று ஒன்றுமே மிச்சமில்லை.

ஜார்ஜ் ஃபோர்மன் திரும்பி வந்தது மட்டும் ஏன் பலித்தது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பத்து வருஷம் பிரசங்கம் செய்துவிட்டு 1987-ல் குண்டாக வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவர் ஆட்டத்துக்குக் கால் வேகம் தேவையே இல்லை. கையைக் குறுக்கே மடக்கி மூடிக்கொண்டு, மெதுவாக நடந்து போய், ஒரு குத்து வைத்தால் போதும். ஆரம்பத்தில் சோப்ளாங்கி ஆட்களாகப் பார்த்து வரிசையாக அடித்து உடம்பைத் தேற்றினார், அவசரமே படவில்லை. 1994 நவம்பரில், 45 வயதில், ஒன்பதாவது ரவுண்ட் வரை பாயிண்டில் பின்தங்கியிருந்து பத்தாவதில் மைக்கேல் மூரரைப் படுக்கவைத்தார். அன்றைக்கு அவர் மூலையில் நின்றவர்களில் ஒருவர் ஆஞ்சலோ டண்டீ. 1974-ல் ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டில் ஃபோர்மனைத் தோற்கடித்த அலியின் மூலையில் நின்ற அதே டண்டீ. தன்னை வீழ்த்தியவனுடைய வாத்தியாரைக் கூப்பிட்டுத் தன் பக்கம் வைத்துக்கொள்கிற மனசு டைசனுக்கோ வைல்டருக்கோ வந்திருக்குமா, சொல்லுங்கள்.

ராபர்ட்டோ துரானை விட்டுவிட்டால் சண்டைக்கு வருவீர்கள். 1980 ஜூனில் மான்ட்ரியலில் ஷுகர் ரே லெனார்டை ஜெயித்துவிட்டு, பனாமாவில் கொண்டாட்டம், உடம்பு ஊதி, அதே நவம்பரிலேயே மறுசண்டை என்று மேனேஜர் ஒப்புக்கொள்ள, கடைசி வாரங்களில் பட்டினி கிடந்து எடை இறக்கி, நியூ ஆர்லியன்ஸில் எட்டாவது ரவுண்டில் போதும் என்று திரும்பிக்கொண்டார். ஊர் சிரித்தது அந்தத் திரும்பலைப் பார்த்து. தப்பு நடந்தது தேதிக்கு ஒப்புக்கொண்ட அன்றைக்கு. அவருடைய வாத்தியார் ரே ஆர்செல், எண்பது தாண்டிய கிழவர், அந்தச் சண்டையோடு அவரை விட்டுப் போனார். துரான் பிறகு எழுந்து இன்னும் இரண்டு எடைப் பிரிவில் பட்டம் வாங்கினார், 1983-லும் 1989-லும், அது துரானால்தான் முடியும்.

மார்வின் ஹாக்லர் என் கருத்துக்குள் அடங்காத ஆள். தன் வாத்தியார்களான பெட்ரோனெல்லி சகோதரர்களை முதல் நாளிலிருந்து கடைசி வரை விடாதவர். இருந்தும் 1987-ல் லெனார்டோடு பேசும்போது பணத்தை அதிகமாக வாங்கிக்கொண்டு 15 ரவுண்டை 12 ஆக்க விட்டார், பெரிய ரிங்குக்கும் சரி என்றார். இரண்டும் ஓடி ஆடுகிறவனுக்குச் சாதகம். போதாக்குறைக்கு முதல் ரவுண்ட்களில் தன் இடதுகை ஆட்டத்தை விட்டு வலதுகைக்காரராக நின்று நேரத்தை வீணடித்தார். மூன்று ஜட்ஜில் இரண்டு பேர் லெனார்டு பக்கம் போன பிளவுத் தீர்ப்பில் தோற்றார், ஒரு ஜட்ஜ் லெனார்டுக்கு 118-110 என்று எழுதியது இன்றும் எரிச்சல். ஆனால் அதோடு இத்தாலிக்குப் போனவர் எத்தனை மில்லியன் காட்டியும் திரும்பி ரிங் ஏறவில்லை. லெனார்டு 1991-லும் 1997-லும் திரும்ப வந்து டெர்ரி நாரிஸிடமும் ஹெக்டர் கமாச்சோவிடமும் அடி வாங்கினார்.

சரி, விஜேந்தர். 2008 பீஜிங் வெண்கலம், 2015-ல் 29 வயதில் லண்டன் ப்ரொமோட்டர் ஃப்ராங்க் வாரனிடம் கையெழுத்துப் போட்டு ப்ரோ ஆனார். 2016 ரியோவை விட்டுவிட்டுப் போகிறார், நாட்டை விடக் காசு பெரிதா என்று அப்போது பேசாத பேச்சில்லை. எனக்கு அதில் குற்றமே தெரியவில்லை. மூன்று ஒலிம்பிக் ஆடியாயிற்று, அப்போது இங்கே ப்ரோ பாக்ஸிங் என்று சொல்லிக்கொள்ளும்படி பெரிய அமைப்பு இல்லை. நம்ம ஊரில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஐ.சி.எஃப் வேலை கிடைத்ததும் கிளவுஸைக் கழற்றி ஆணியில் மாட்டுகிற பையனை யாரும் கேள்வி கேட்பதில்லை, இவரை மட்டும் கேட்பானேன்?

கேட்க வேண்டிய கேள்வி அதற்கப்புறம் இருக்கிறது. 2017 டிசம்பர் வரை பத்துக்குப் பத்து ஜெயித்தவர், அடுத்து ரிங் ஏறியது 2019 ஜூலையில். நடுவில் டாப் ரேங்க் என்ற அமெரிக்க ப்ரொமோட்டர் கம்பெனியோடு ஒப்பந்தம், தெற்கு டெல்லியில் காங்கிரஸ் வேட்பாளராக மக்களவைத் தேர்தல், தோல்வி. முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதில் ஒரு பாக்ஸருக்கு அந்தப் பத்தொன்பது மாதம் திரும்பக் கிடைக்காது. 2021 மார்ச்சில் கோவாவில் கேசினோ கப்பல் மேல்தளத்தில் ஆர்டிஷ் லோப்சான் என்ற ரஷ்யப் பையன் ஐந்தாவது ரவுண்டில் அவரை நிறுத்தினான், அதற்கு முந்தைய சண்டை 2019 நவம்பர். உலகப் பட்டத்துக்கு அவர் ஒருமுறைகூட மோதவில்லை. ப்ரோ ஆனதற்காக அவரை இந்த வரிசையில் சேர்க்க மாட்டேன் தம்பி. அந்த இடைவெளிக்காக வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் கடைசி வரிசையில்.